சுக்கான் கை வார்த்தவர்

என் பேர் சௌந்திரம். சேலத்தில் ஏற்காட்டு மலை ரோடு தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் அண்ணன் அப்புசாமி ஒரு பவுண்டரி வைத்திருந்தார். நான் அதில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் அங்கேயே தலைமை மோல்டர். மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை அதில் ஊற்றுகிற வேலை. கட்டினவர் பேரைச் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இனிமேல் சொல்வதில் என்ன இருக்கிறது. அவர் பேர் அர்த்தநாரி.

அண்ணனும் அவரும் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுபத்திரண்டில் பட்டறையை ஆரம்பித்தார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பல்சக்கரம், லாரிக்கு பிரேக் டிரம், இப்படித்தான் முதல் ஒன்பது வருசம் ஓடியது. அண்ணனுக்கு வாய், அவருக்குக் கை. உலை வாயில் வரும் வெளிச்சத்தைப் பார்த்தே இரும்பு பதத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்வார். "உன்ன இவனுக்குக் கட்டி வெச்சாத்தான் இவன் வேற பட்டறைக்கு ஓட மாட்டான்" என்று அண்ணன் என் கல்யாணத்தின்போது எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்கு அன்றைக்கு அந்தப் பேச்சு தப்பாகத் தோன்றவில்லை.

எண்பத்தொன்றில் மேற்குக் கடற்கரையில் இருந்த ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஆள் வந்தார்கள். இந்த நாட்டில் செய்ய முடிகிற எதையும் வெளிநாட்டிலிருந்து வாங்கக்கூடாது என்று அப்போது சர்க்கார் சட்டம் கெடுபிடியாக இருந்தது. அதனால் எந்த ஊரில் எதை வார்க்க முடியும் என்று தேடிக்கொண்டே வந்தவர்கள் எங்கள் உலையைப் பார்த்தார்கள். கடல் இல்லாத ஊரில் கப்பல் வேலை வந்தது அப்படித்தான்.

அவர்கள் கேட்டது சுக்கான் கை. கப்பலின் பின்பக்கம் தண்ணீருக்குள் சுக்கான் இருக்கும். அதன் தண்டு மேலே கப்பலுக்குள் ஏறி வரும். அந்தத் தண்டைப் பிடித்துத் திருப்புகிற உருக்குக் கைதான் அது. ஒன்றரை டன் எடை. அதை வார்த்தால் மட்டும் போதாது. கப்பலின் ஒவ்வொரு முக்கியமான பாகத்தையும் சோதித்து முத்திரை குத்துவதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். முத்திரை இல்லாத கப்பலுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, எந்தத் துறைமுகத்திலும் மதிப்பும் கிடையாது. அந்தச் சங்கத்தின் சர்வேயர் மெட்ராஸிலிருந்து வந்து, சுத்தியலால் தட்டி, எண்ணெய் தடவி, உள்ளே குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, கடைசியில் உருக்கிலேயே ஆழமாக ஒரு முத்திரை அடிப்பார்.

முதல் சுக்கான் கை ஒரு குறையும் இல்லாமல் தேறியது. சர்வேயர் முத்திரை அடித்துவிட்டு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். லாரியில் அதை ஏற்றிக்கொண்டு இவரே கூடப் போனார். கடலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். நாலாம் நாள் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"கப்பலோட பின்னால ஒரு ரூமு அம்மிணி. அங்கதான் அத மாட்டறாங்க. நடுக்கடல்ல புயலடிக்கையில இது ஒடைஞ்சா என்னாகும்னு அங்கிருந்த பிட்டரக் கேட்டேன். கப்பலு திரும்பாது, அலை பக்கவாட்டுல அடிச்சுக் கவுத்துப்போடும்னான். முப்பது பேரு இருப்பாங்களாமா. நாம இங்க மண்ணுல ஒக்காந்துக்கிட்டு ஊத்தறதுல முப்பது பேரு உசுரு இருக்குதுன்னு எனக்கு இது வரைக்கும் தெரியாதே."

பிரேக் டிரம்மிலும் உயிர் இருக்கிறதே என்று நான் சொன்னேன். "லாரி நின்னுபோச்சுன்னா எறங்கி நடந்துக்கலாமே" என்றார்.

அந்தத் தளம் அடுத்த நாலு கப்பலுக்கும் எங்களிடமே ஆர்டர் கொடுத்தது. அண்ணன் கரண்டில் ஓடுகிற பெரிய உலை போட்டார். புதிதாக நாற்பத்தெட்டு ஆட்களைச் சேர்த்தார். பனமரத்துப்பட்டியிலிருந்து வருகிற மாதையன்தான் ஆரம்பத்திலிருந்தே இவருக்கு ஜோடி. மண் அச்சுப் பெட்டியின் ஒரு பக்கம் இவர் பிடித்தால் மறுபக்கம் மாதையன். சாப்பாட்டுத் தூக்கைக்கூட மாற்றிக்கொள்வார்கள். மாதையன் தன் தம்பியையும் இரண்டு மச்சினன்களையும் புது உலைக்குக் கொண்டுவந்தார்.

எண்பத்துமூன்றில் மழை இல்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லை, கரண்டும் இல்லை. இரண்டாவது சுக்கான் கை வார்த்த அன்று, உலையைச் சாய்க்கப் போகிற நேரத்தில் கரண்டு போனது. இருபது நிமிசம் கழித்து வந்தது. "ஆறிப்போச்சு மச்சான், இன்னொருக்கா சூடேத்திட்டு ஊத்தலாம்" என்று இவர் சொன்னார். மறுபடியும் போய்விட்டால் உலையே உறைந்துவிடும் என்று அண்ணன் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். மூன்று நாள் ஆறவிட்டு மண்ணை உடைத்தபோது, தண்டைக் கவ்வுகிற கழுத்தில் சாண் நீளத்துக்கு ஒரு விரிசல்.

அன்று மத்தியானமே அண்ணன் வெளியிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்து விரிசலைத் தோண்டி நிரப்பிவிட்டார். மேலே தேய்த்து மணல் வீசியதும் வடு தெரியவில்லை. கழுத்தை முன்கூட்டியே படம் எடுத்துவிட்டதாகச் சொல்லி, முதல் சுக்கான் கையின் படத்தை சர்வேயருக்குக் காட்ட எடுத்து வைத்தார். இவர் ஆபீசுக்குள் வந்தார். நான் மெஷினில் தாள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், விரிசல அடைக்கறது தப்பில்ல. சர்வேயர்கிட்டச் சொல்லிப்போட்டு அடைக்கோணும். சொன்னா அனுமதி குடுப்பாங்க."

"குடுப்பாங்க மாப்பள. அப்பறம் திரும்பச் சூடு பண்ணு, மறுபடி படமெடு, எழுதிப் போடு, பதிலு வரட்டும்னு ஒன்றரை மாசம் இழுப்பாங்க. இந்தக் கரண்டுல அது ஆவற காரியமா? தேதி தாண்டுனா ஆர்டரு கேன்சலு."

இவர் வெளியே போனார். சர்வேயர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தந்தி வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமைத் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. தளத்திலிருந்து ஒரு பக்கம். அடுத்த கப்பல்களுக்கு வெளிநாட்டுக் கடன் கிடைத்திருக்கிறது, கடன் கொடுக்கும் நாட்டிலேயே சுக்கான் இயந்திரத்தை முழு செட்டாக வாங்க வேண்டும் என்பது நிபந்தனை, சர்க்காரும் விலக்கு கொடுத்துவிட்டது, தென்கொரியாவிலிருந்து வருகிறது. ஆகவே மீதி மூன்று சுக்கான் கைகளுக்கான ஆர்டர் ரத்து. ஏற்கெனவே வார்த்துவிட்ட ஒன்றை மட்டும், சான்று கிடைத்தால் எடுத்துக்கொள்வோம்.

நான் இரண்டு தடவை படித்துவிட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தார். அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் கண்ணு. ஆளுங்களுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வேலய நிறுத்திப்போடுவாங்க. வெள்ளிக்கெழம இது ஒண்ணாவது தேறட்டும். அப்பறம் மாப்பளகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அவருக்கு மட்டும் சொல்லிப்போடறேனுங்கண்ணா."

"அவனுக்குச் சொன்னா மாதையனுக்குச் சொன்ன மாதிரி. உன்னையப் படிக்க வெச்சது நான்தான? மூணு நாளு பொறு."

'கடிதம் கிடைத்தது' என்று பதிலை நானே அடித்தேன். அன்று பொழுதோட வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டேன். எங்கள் மகள் கண்ணாத்தாளுக்கு அப்போது நாலு வயசு. அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட மனசில்லாமல் பிசைந்துகொண்டிருந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன யோசிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். வயசானவர், கையில் ஒரு சின்ன லென்ஸ். காகிதங்களை எல்லாம் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார். அண்ணன் இளநீர் வெட்டிக் கொண்டுவரச் சொன்னார். சர்வேயர் பையிலிருந்து முத்திரை உளியை எடுத்து, கழுத்துக்கு மேலே வைத்து, சுத்தியலை ஓங்கினார். வேலையாட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்றேன்.

"சித்த நில்லுங்க சார்" என்றார் இவர்.

அண்ணன், "மாப்பள" என்று ஒரு சத்தம் போட்டார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் விரலை வைத்து, இங்கேயிருந்து இங்கே வரைக்கும் விரிசல் இருந்தது, வெல்டிங் வைத்து மூடியிருக்கிறோம் என்று சொன்னார். சர்வேயர் சுத்தியலை இறக்கி, உளியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாக்பீஸை எடுத்து சுக்கான் கையின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டார்.

கார் வரும் வரைக்கும் சர்வேயர் வேப்பமரத்தடியில் நின்றார். இவர் பக்கத்தில் போனார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது இவர் கேட்டுக்கொண்டிருந்தார்:

"வெளிநாட்டுக்காரன் ஊத்தறது வெடிக்கவே வெடிக்காதுங்களா சார்?"

"வெடிக்காம என்ன? நல்லா வெடிக்கும். ஆனா அவங்க ஊர்ல ஒரே தெருவுல இந்த மாதிரி பத்து உலை இருக்குது. ஒண்ணு வீணாப்போனா பத்தாம் நாள் இன்னொண்ணு வந்துடும். அதனால மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. உங்க திருச்செங்கோட்டுல லாரிக்கு பாடி கட்டறாங்களே, வடநாட்டுலருந்துகூட சேஸிய ஓட்டிக்கிட்டு இங்க வர்றான். ஏன்? மரம், தகரம், பெயின்டு, ஆசாரி எல்லாம் ஒரே எடத்துல. ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் கப்பலுக்கு அப்படி ஆயிட்டாங்க. உனக்கு இந்த வேலைக்கு ஒரே உலைதான். அதுக்கும் கரண்டு இல்ல." அப்புறம், "நீ சொன்னது சரிதாம்ப்பா" என்றார்.

கார் போனதும் அண்ணன் ஆட்களைக் கூட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த மோல்டிங் பெட்டியின் மேல் ஏறி நின்றார். மறுபடியும் ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டிருந்த நான், கடிதத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு கப்பலு ஆர்டரும் போச்சு. யாரால போச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நீங்களே பாத்தீங்க. என் ஊட்டு மாப்பளையாப் போயிட்டான், நான் என்னத்தச் சொல்ல? அடுத்த வாரத்துலருந்து புது உலை இல்ல. பழய ஆளுங்க பாதிப் பேரு இருங்க. மத்தவங்க வேற எடம் பாத்துக்குங்க."

அண்ணன் சொன்னதை இவரும் நம்பினார். மாதையன் கூட்டத்திலிருந்து வந்து இவர் முன்னால் நின்று, "ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் காறித் துப்பிவிட்டுப் போனார். அன்றோடு அவரும் அவர் தம்பியும் மச்சினன்களும் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் நான் அண்ணன் வீட்டுக்குப் போய் அழுதேன். "ஏனுங்கண்ணா இப்படிச் சொன்னீங்க? ஆர்டர் முன்னாலயே போயிருச்சே?"

"முன்னாலயே போச்சுன்னு சொன்னா, அப்பறம் ஏன்டா இந்த ஆளுங்கள வெச்சு வேல வாங்குனேன்னு கேப்பாங்க. யூனியன் வரும், ஆர்டரக் காட்டி வாங்குன கடனுக்கு பேங்கு வரும். ஒறவுக்காரன் மேல போட்டா ஊட்டுக்குள்ளயே நின்னுக்கும். நாலு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க. நீ வாயத் தொறந்தீன்னா என்னைய ஜெயில்ல வெப்பாங்க அம்மிணி."

நான் வாயைத் திறக்கவில்லை.

யாரும் நாலு நாளில் மறக்கவில்லை. டீக்கடையில் இவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அண்ணன் பட்டறைக்கு இவர் மறுபடியும் போகவில்லை, நான் மட்டும் டைப் அடிக்கப் போய்வந்தேன். சேலத்தில் வேறு எந்தப் பவுண்டரியிலும் இவரைச் சேர்க்கவில்லை. சர்வேயரிடம் காட்டிக்கொடுத்தவன் என்று பேர் ஆகிவிட்டது. ஊரார் பேசுவதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அவர் உறக்கத்தைக் கெடுத்தது வேறு. "நான் சொன்னது தப்பில்ல அம்மிணி. ஆனா கடல்ல போற முப்பது பேருக்குப் பாத்து, இங்க நாப்பத்தெட்டு ஊட்டு அடுப்ப அணைச்சுட்டனே. ரெண்டையும் எப்படிப் பாத்தாலும் கணக்கு நேராவ மாட்டேங்குதே" என்பார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுப்பேன். அந்தக் கையாலேயே நான் அந்தக் கடிதத்தை ஃபைலில் கோத்திருந்தேன்.

ஐப்பசியில் மாதையன் வீட்டில் ரொம்பச் சிரமம் என்று கேள்விப்பட்டு, ஒரு மூட்டை அரிசியை டவுன் பஸ்ஸில் போட்டுக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். மாதையன் கல் உடைக்கப் போயிருந்தார். அவர் சம்சாரம் சின்னாயி வாசலில் நின்றாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இவர், "சின்னாயி, என்மேல கோவம் இருக்கட்டும். கொழந்தைங்களுக்கு ஆக்கிப் போடு" என்றார்.

அவள் அரிவாளைக் கொண்டுவந்து மூட்டையைக் கிழித்தாள். அரிசி மொத்தமும் மண்ணில் கொட்டியது. "கோழி தின்னட்டும் சாமி. உங்க சோறு எங்க தொண்டையில எறங்காது" என்றாள். இவர் கையைக் கூப்பிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'சின்னாயி, இவரு இல்ல, என் அண்ணன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

தை பிறந்ததும் அவர் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்றில் வெல்டராகச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். நாக்பூர், ராய்ப்பூர் என்று எங்கெங்கோ. வருசத்துக்கு ஒரு தடவை தீவாளி நோம்பிக்கு வருவார். எண்பத்தைந்து தீவாளிக்கு வந்தபோது கன்னம் ஒட்டி, தலை பாதி நரைத்திருந்தது. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஊர்ல எனக்கு வர்ற ரெண்டு ஏக்கரு இருக்குதில்ல, அத மாதையன் பேருக்கு எழுதிப்போடலாம்னு இருக்கறேன். அவன் ஊட்டுல நாலு பேரு பொழப்பும் கெட்டுப்போச்சு. என்னால ஆனது அதுதான். நீ ஒண்ணும் தடுக்காத."

நிலத்துக்காக நான் சொல்லவில்லை. என்னைப் பற்றி யாரும் அப்படி நினைக்கக்கூடாது. செய்யாத குற்றத்துக்கு அவர் தன்னைத்தானே இப்படி அறுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு இனியும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"ஏனுங்க, உங்களால ஒண்ணும் போகலீங்க" என்றேன். கொரியாவைச் சொன்னேன், கடனைச் சொன்னேன், ஆர்டர் ரத்தானதைச் சொன்னேன். "நீங்க பேசாம இருந்திருந்தாலும் அந்த ஒண்ண மட்டுந்தானுங்க வாங்கியிருப்பாங்க. புது உலை எப்படியும் நின்னிருக்கும்."

அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். இரண்டு வருசமாகக் காணாத முகம். அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கடுதாசி வந்த அன்னைக்குங்க."

"எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம. சர்வேயர் வர்றதுக்கு மூணு நாளு முன்னால."

"பதிலு?"

"நாந்தானுங்க அடிச்சேன்."

அவர் சோற்றுக் கையை அப்படியே தட்டில் வைத்திருந்தார். காய்ந்து போகிற வரைக்கும் வைத்திருந்தார்.

"மாதையன் துப்புனத ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த."

"ஆமாங்க."

"சின்னாயி அரிசியக் கொட்டுனப்ப எம் பக்கத்துல நின்ன."

நான் அவர் காலைப் பிடித்தேன். அண்ணன் ஜெயிலுக்குப் போவார் என்று பயந்தேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் கையை எடுத்துவிட்டார், கோபமாக இல்லை, மெதுவாகத்தான்.

"ஊரு பூரா சாபம் உட்டுச்சு. அதையெல்லாம் எங்க எறக்கி வெச்சேன்? உங்கிட்டத்தான அம்மிணி எறக்கி வெச்சேன்" என்றார்.

அண்ணனிடம் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாத்தாளை எடுத்துக் கொஞ்சினார். புதுத் துணியை மடித்து வைத்துவிட்டு, வந்தபோது போட்டிருந்த சட்டையையே போட்டுக்கொண்டார். பவுண்டரி கேட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, "எப்பங்க வருவீங்க?" என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "கண்ணாத்தாள நல்லாப் படிக்க வை" என்றார்.

அதற்கு மறுநாள் நான் ஃபைலிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போனேன். மாதையனையும் சின்னாயியையும் உட்கார வைத்து, இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தேதியை மாதையனே விரல் வைத்துப் பார்த்தார். சின்னாயி தலையில் அடித்துக்கொண்டாள். மாதையன் என்னைத் திட்டவில்லை. "அர்த்தநாரியண்ணன் இப்ப எங்க இருக்கறாருங்க?" என்று மட்டும் கேட்டார். நாக்பூர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

விசயம் பரவியது. அண்ணன் ஜெயிலுக்குப் போகவில்லை. அவர் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. பேசினார்கள், ஓய்ந்தார்கள். பெரிய உலையைப் பழைய இரும்புக்குப் போட்டார். இன்றைக்கும் பிரேக் டிரம் ஊற்றுகிறார். நான் வேலையை விட்டு, ராசிபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

மாதையன் ஆள் வைத்து என் வீட்டுக்காரருக்கு எழுதினார். அவர் பதில் போட்டார். அடுத்த வருசம் மாதையன் ரயிலேறி நாக்பூருக்கே போனார். இப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் வேலை செய்கிறார்கள். கண்ணாத்தாளுக்கு மாதம் ஒரு கார்டு வருகிறது. மழை, படிப்பு, உடம்பு. என் பேர் அதில் இருக்காது.

போன பங்குனியில் மாதையன் ஊருக்கு வந்தவர் என்னையும் பார்க்க வந்தார். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார். நாக்பூரில் அவர் நன்றாக இருக்கிறார், ராத்திரியில் தூங்குகிறார், சிரித்துப் பேசுகிறார் என்று சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் கேட்டேன்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாருங்களா?"

மாதையன் என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். "கேட்டாருங்க அம்மிணி, கேக்காம இருப்பாருங்களா?" என்றார். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லக்கூட வராது. நான் உள்ளே போய் அவருக்குக் காபி கலந்தேன்.